பழக்குதலும் பழகுதலும்

தமிழில் 'பழகு' தன்வினை, 'பழக்கு' பிறவினை. ஓர் ஒற்று மிகுந்ததும் வாக்கியத்தின் அதிகார உறவே மாறிவிடுகிறது. குதிரையைப் பழக்கினால் செய்பவர் மனிதர், செயப்படுவது குதிரை. குதிரையோடு பழகினாலோ 'ஐ' உருபு விலகி 'ஓடு' வந்து அமர்கிறது. இருவரும் ஒரே தளத்திற்கு வந்துவிடுகிறார்கள். (ஆங்கிலம் இதே வேலைக்குக் குதிரையை 'உடைத்தல்' என்ற வினையை நெடுங்காலமாகக் கையாண்டுவருகிறது. அதன் நேர்மையையாவது பாராட்டலாம்.)

கடிவாளமும் சேணமும் கயிறும் இன்றிக் குதிரையோடு இயங்கும் 'லிபர்ட்டி' பயிற்சி, தன்னைப் பழகுதல் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மனிதர் நடந்தால் குதிரை உடன் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. காணொளியில் பார்ப்போர் அதை நம்பிக்கை என்கிறார்கள். கயிறு இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கட்டுப்பாடு இல்லை என்று அதிலிருந்து முடிவுசெய்துவிட இயலுமா?

இவ்வகைப் பயிற்சிகளில் பெரும்புகழ் பெற்றது அமெரிக்கரான மான்ட்டி ராபர்ட்ஸின் 'ஜாயின்-அப்' முறை. 1989இல் வின்ட்சரில் எலிசபெத் அரசியின் முன்னிலையில் அவர் அதைச் செய்துகாட்டினார். வட்ட வேலிக்குள் குதிரை அவிழ்த்துவிடப்படுகிறது. பயிற்சியாளர் தோளை நிமிர்த்தி, அதன் கண்ணை நேராக நோக்கி விரட்டுகிறார். அது சுற்றிச்சுற்றி ஓடுகிறது. ஒரு காது அவர் பக்கம் திரும்புவது, வாய் மெல்லுவது, தலை தாழ்வது ஆகிய குறிகள் தோன்றியதும் அவர் பார்வையைத் தாழ்த்தி முதுகைக் காட்டுகிறார். குதிரை அவரை நோக்கி வருகிறது. இக்குறிகளின் தொகுதியை ராபர்ட்ஸ் 'ஈக்வஸ்' என்னும் மொழியாகவே பெயரிட்டார்.

வட்ட வேலிக்கு மூலை கிடையாது. ஒதுங்கி நிற்க இடமில்லாத குதிரைக்கு ஓட்டம் ஓயும் ஒரே இடம் மனிதரின் அருகாமைதான். தொல்லை நீங்குவதே பரிசாக அமையும் இந்தக் கற்றலை உளவியல் எதிர்மறை வலுவூட்டல் என்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் முன்வைத்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. மனிதருக்குப் பதிலாகத் தொலைவிலிருந்து இயக்கப்படும் ஒரு பொம்மைக் கார் இளங்குதிரைகளை விரட்டியது. குதிரை நின்று திரும்பினால் காரும் நின்றது. குதிரைகள் காரை நோக்கி நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. காரின் மீது அவற்றுக்கு நம்பிக்கை பிறந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் எந்தக் குதிரையும் தானாகச் சென்று காரைத் தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நோக்குதலுக்கும் தொடுதலுக்கும் இடைப்பட்ட அந்தச் சில அடித் தூரத்தில் விரட்டலால் மட்டும் விளக்கமுடியாத ஏதோ ஒன்று எஞ்சக்கூடும். ஆயினும் காணொளிகள் கொண்டாடுவதில் பெரும்பகுதியைக் காராலேயே பெற முடிந்திருக்கிறது.

குதிரை மனித உடலை எவ்வளவு நுட்பமாக வாசிக்கும் என்பது புதிய செய்தியன்று. பெர்லினில் கணக்குப் போட்டதாகப் போற்றப்பட்ட ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் தலையசைவை வைத்தே குளம்பால் தட்டுவதை நிறுத்தியது என்று ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907இல் காட்டினார். அந்த அசைவைத் தாம் செய்வதே கேட்டவர்களுக்குத் தெரியாது. விலங்கு மொழி ஆய்வுகள் அனைத்தின் மீதும் ஹான்ஸின் நிழல் இன்றும் கிடக்கிறது. ஆனால் அதிலிருந்து பெறப்பட்ட பாடம் பெரும்பாலும் 'ஏமாறாதே' என்பதாகவே நின்றுபோயிற்று. குதிரை மனிதரை இத்தனை துல்லியமாக வாசிக்கையில் மனிதர் குதிரையை வாசிக்கிறாரா என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

அடித்து அடக்கும் மரபைவிட லிபர்ட்டி முறை மேலானது, இதில் ஐயமில்லை. முள் பதித்த கடிவாள இரும்பை இந்திய விதிகள் 1965லேயே தடைசெய்தும், திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் அது இன்னும் காணப்படும் நாட்டில், கயிற்றைக் கழற்றுவதே பெரிய காரியம். ஆனால் குதிரை பின்தொடர்வதை நம்பிக்கையின் அளவாகக் கொள்வது பிழை. அது விலகிச் செல்லும்போது என்ன நடக்கிறது என்பதே அளவு. வட்ட வேலிக்குள் விலகலுக்கு விலை மறுபடியும் ஓட்டம். திறந்த மேய்ச்சல் வெளியில் குதிரை போக விரும்பினால் போகவிட்டு, விரட்டாமல் காத்திருக்கும் பயிற்சியாளர்களும் உள்ளனர். அது நாட்கணக்கில் நீளும் வேலை, காணொளிக்கும் உதவாது.

மறுப்பைக் கேட்கும் முயற்சிக்கு நார்வேயில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளின் பொருள் கற்பிக்கப்பட்டது. கிடைக்கோடு போட்ட பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போர்த்தப்படும். செங்குத்துக் கோட்டைத் தொட்டால் நீக்கப்படும். வெற்றுப் பலகையைத் தொட்டால் உள்ளபடியே விடப்படும். எல்லாக் குதிரைகளும் இரு வாரங்களுக்குள் கற்றுக்கொண்டன. ஈரமும் குளிர்காற்றுமான நாளில் அவை போர்வையைக் கேட்டன. வெயில் நாளில் வேண்டாம் என்றன. கற்பித்தது உணவைப் பரிசாகக் கொடுத்துத்தான். ஆகவே இதுவும் 'பழக்குதல்' என்றே தொடங்கியது. ஆனால் வெற்றுப் பலகையைத் தொட்ட குதிரையின் மீது யாரும் போர்வையைப் போர்த்தவில்லை.