வில்லை வேண்டுமா?

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓரடி உயர மீன்தொட்டி ஒன்று உண்டு. கொளத்தூரில் வாங்கிய கப்பி மீன்களும் நீர்ச்செடிகளும் அதில் வாழ்கின்றன. அதற்கு நானே எல்.இ.டி. விளக்கு செய்தேன். லென்ஸ் போட்டால் வெளிச்சம் கூடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, 30 பாகை வில்லைகளைப் பொருத்தினேன். விளைவு? நடுச்செடிகளில் பாசி படர்ந்தது. மூலைச்செடிகள் வெளிறி மடிந்தன.

நண்பர்களே, வில்லை ஒளியை உண்டாக்குவதில்லை. இருப்பதைக் குவிக்கிறது, அவ்வளவே! 30 செ.மீ. உயரத்திலிருந்து 30 பாகைக் கற்றை 16 செ.மீ. அகல வட்டத்தில்தான் விழும். 60 பாகையானால் 35 செ.மீ. வில்லையில்லாத எல்.இ.டி.யோ ஏறக்குறைய 120 பாகைக்கு ஒளி பரப்பும். பாதி வெளியே சிதறிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். விளக்கு நீரை ஒட்டியிருந்தால், நீரில் நுழையும் கதிர் செங்குத்தை நோக்கி வளையும். பக்கக் கண்ணாடியில் பட்டதும் முழு அக எதிரொளிப்பால் பெரும்பகுதி தொட்டிக்குள்ளேயே திரும்பும்.

ஆகவே ஓரடித் தொட்டிக்கு வில்லையே வேண்டாம். இரண்டடி ஆழமென்றாலோ, விளக்கை உயரத்தில் தொங்கவிட்டாலோ 60 பாகை போதும் என்பது என் துணிபு.

முழு அக எதிரொளிப்பைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன்தான் நான். கடை வாசலில் அது நினைவுக்கு வரவில்லையே! விடைத்தாளோடு நின்றுவிடும் படிப்பு, தொட்டி மீனுக்குக்கூட உதவாது.