"உனக்கு செட் ஆகுமா?" - கேள்வியே தப்பு!

செமஸ்டர் லீவு நெருங்கினாலே காலேஜ்ல ஒரு சீசன் ஆரம்பிச்சிடும். ஆறு மாசமா பேச்சே இல்லாத பள்ளிக்கூட நண்பன் திடீர்னு போன் பண்ணுவான். நலம் விசாரிச்சு முடிச்சதும், "மச்சி, பார்ட் டைமா ஒரு நல்ல ஆப்பர்ச்சூனிட்டி இருக்கு..."ன்னு இழுப்பான். என்ன கம்பெனி, என்ன வேலைன்னு கேட்டா சொல்ல மாட்டான். "நீ நேர்ல வா, சீனியர் விளக்குவார்." சீனியர் டை கட்டிக்கிட்டு வந்து போர்டுல ஒரு வட்டம் போடுவார். அதுக்குக் கீழ அஞ்சு வட்டம். "டார்கெட் கிடையாது, நினைச்ச நேரத்துல செய்யலாம்"பார். கடைசியில ரொம்ப நாகரிகமா ஒண்ணு சொல்வார்: "இது எல்லாருக்கும் செட் ஆகாது தம்பி. உங்களுக்கு செட் ஆகுமான்னு நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க."

என்னைக் கேட்டா, பொறியே அந்தக் கடைசி வரிதான். "எனக்கு செட் ஆகும்"னு சொல்லிச் சேர்ந்துட்டோம்னா, நாளைக்குப் பணம் வராதப்போ திட்டத்து மேல குறை சொல்ல முடியாது. "நீ சரியா உழைக்கல, உன் மைண்ட்செட் சரியில்ல"ன்னு முடிச்சுடுவாங்க. நஷ்டமும் உனக்கு, பழியும் உனக்கு!

ஆனா இதுல தோற்கிறதுக்கும் நம்ம குணத்துக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. எல்லாம் கணக்குதான். ஒருத்தர் அஞ்சு பேரைச் சேர்க்கணும், அந்த அஞ்சு பேரும் ஆளுக்கு அஞ்சு பேர். 5, 25, 125, 625... இப்படியே போனா பதினோராவது வரிசையில 4.88 கோடி பேர் வேணும். பன்னிரண்டாவது வரிசைக்கு 24 கோடிக்கு மேல. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடிதான்.

இதை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. கவனிக்காம விடுறது அடுத்த விஷயத்தை. இந்தச் சங்கிலியை எந்த வரிசையில நிறுத்தினாலும், மொத்தத்துல நூத்துக்கு 80 பேர் கடைசி வரிசையில இருப்பாங்க. அவங்களுக்குக் கீழ யாருமே இல்ல. எல்லாரும் ராத்திரி பகலா உழைச்சாலும் அந்த 80 அப்படியேதான் இருக்கும், ஆட்கள் வேணா மாறலாம். "ஒருத்தர் கார் வாங்கிட்டாரே"ன்னு போட்டோ காட்டுறாங்க இல்லையா, அந்தக் காருக்குக் கடைசி வரிசைக்காரங்கதான் டியூ கட்டுறாங்க.

சரி, நாம பி.காம் பசங்க. அவங்க போடாத ஒரு பி அண்ட் எல் போட்டுப் பார்ப்போம். சும்மா ஒரு உதாரணம்தான்:

சேரும்போது வாங்கின பொருள் - 5,000
"ஆக்டிவ்"வா இருக்க மாசம் 1,000 வீதம் ஆறு மாசம் - 6,000
பஸ், டீ, மீட்டிங் டிக்கெட் மாசம் 400 வீதம் - 2,400
ஆக மொத்தச் செலவு - 13,400

வரவு: ரெண்டு நண்பர்களைச் சேர்த்த கமிஷன் 1,000, மூணு டப்பா வித்த லாபம் 600. நஷ்டம் 11,800.

"பொருளை நீங்கதானே யூஸ் பண்றீங்க?"ம்பாங்க. சரி, மிச்சப் பொருளுக்குக் கடையில என்ன விலையோ அதைக் கழிச்சுக்கோங்க. அப்பவும் தேறாது. இன்னொண்ணு, சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கு டிராயிங்ஸ்னு பதினொண்ணாம் கிளாஸ்லயே படிச்சோம். அதைப் போய் "பிசினஸ் வால்யூம்"னு சொல்றாங்க!

என் உதாரணத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன், இந்த மாதிரி 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ஞ்சு 2024 செப்டம்பர்ல ஒரு அறிக்கை விட்டாங்க. அதுல பெரும்பாலான கம்பெனிகள்ல, சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வருஷத்துக்கு 1,000 டாலரோ அதுக்கும் கம்மியோதான் வாங்கியிருக்காங்க. அதாவது மாசம் 84 டாலர் கூட இல்ல, அதுவும் செலவைக் கழிக்காம! குறைஞ்சது 17 கம்பெனிகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு பைசா கூட வரல.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. பணச் சுழற்சித் திட்டங்களை 1978லயே தடை பண்ணிட்டாங்க. 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தைத் தடை பண்ணுது, சேர்றதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னும் சொல்லுது. அதான் இப்ப யாரும் "கட்டணம்"னு கேட்கிறதில்ல, "பேக்கேஜ் வாங்குங்க"ங்கிறாங்க. :-)

2024 ஜனவரியில கோவையில நடந்தது ஞாபகம் இருக்கா? செல்போன்ல விளம்பரம் பார்த்தா காசு, ஆள் சேர்த்தா இன்னும் காசுன்னு சொன்ன மைவி3 ஆட்ஸ் மேல போலீஸ் வழக்குப் போட்டாங்க. உடனே நீலம்பூர்ல ஆயிரக்கணக்கானவங்க கம்பெனிக்கு ஆதரவா திரண்டாங்க. வழக்கோட முடிவு கோர்ட் விஷயம். எனக்குப் பட்டது வேற: பணத்தைப் போட்டு, அக்கா, மாமா, பக்கத்து வீடுன்னு எல்லாரையும் சேர்த்துவிட்ட பிறகு, "இது சரியில்லையோ"ன்னு சந்தேகப்படுற சுதந்திரம் கூட நமக்கு இருக்காது. சந்தேகப்பட்டா சொந்தக்காரங்க முகத்தைப் பார்க்கணுமே!

"அப்போ கமிஷன் வாங்கினாலே பாவமா?"ன்னு கேட்கலாம். இல்லவே இல்ல. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆகணும்னா என்ஐஎஸ்எம் பரீட்சை எழுதி ஆம்ஃபில பதிவு பண்ணணும். எல்ஐசி ஏஜெண்ட்டுக்கும் பரீட்சை உண்டு. அவங்களுக்குக் கமிஷன் வர்றது ஃபண்டும் பாலிசியும் விக்கிறதால. வாங்கினவர் இன்னொருத்தரை வாங்க வைக்கலைன்னாலும் அவர் பாலிசி பாலிசிதான். ரெண்டுக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு.

அதனால அடுத்த தடவை யாராவது "உனக்கு செட் ஆகுமா?"ன்னா, அந்தக் கேள்வியைத் தள்ளி வெச்சுட்டு இந்த மூணைக் கேளுங்க:

1. எனக்கு வர்ற ஒரு ரூபா யார் பாக்கெட்லேர்ந்து வருது? பொருள் வேணும்னு வாங்கினவர்கிட்டேர்ந்தா, இல்ல புதுசா சேர்ந்தவர்கிட்டேர்ந்தா?
2. கமிஷனே இல்லைன்னா இந்தப் பொருளை இந்த விலைக்கு யாராவது வாங்குவாங்களா?
3. நான் சேர்த்து விடுறவன் ஒருத்தனையும் சேர்க்காமப் போனா, அவன் கதி என்ன?

மூணாவதுக்கு "நஷ்டம்தான்"னு பதில் வந்தா, நாம விக்கிறது சோப்பும் இல்ல, சத்து மாவும் இல்ல. நம்மளை நம்பி போனை எடுக்கிற நண்பனை. பேலன்ஸ் ஷீட்ல குட்வில்னு ஒரு சொத்து உண்டு. சேர்க்க வருஷக்கணக்காகும். ஐநூறு ரூபா கமிஷனுக்கு அதை ரைட் ஆஃப் பண்றது எந்த ஊர் பிசினஸ்?

பாக்கெட் மணி நமக்கும் வேணும்தான். பக்கத்துத் தெருப் பசங்களுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுக்கலாம், ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி என்ட்ரி போடலாம். கம்மியாத்தான் வரும். ஆனா அந்தக் காசுக்காக எந்த நண்பனும் நம்ம நம்பரைப் பார்த்ததும் போனைக் கட் பண்ண மாட்டான்.