வானம்பாடிகளின் தோழர்



கவிக்கோ அப்துல் ரகுமான் என்னும் பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இருக்க முடியாது. மீலாது மேடைகளில் அப்பெயர் முழங்குகின்றது. ஆயினும் உங்கள் வீட்டு அலமாரியில் அவருடைய நூல் ஒன்றேனும் இருக்கின்றதா என்று வினவினால், பலரும் மௌனம் சாதிக்கவே நேரும். நான் அறிந்தவரை, எங்கள் கொங்கு நாட்டில் அவருடைய கவிதைகளை எடுத்து வைத்துப் பேசுவோருள் பெரும்பாலார் நம்மவர் அல்லர். தமிழாசிரியர்கள், பழைய வானம்பாடி அன்பர்கள், அவர்களிடம் பாடம் கேட்டவர்கள். 2017 ஜூன் 2 அன்று, ரமளான் மாதத்து வெள்ளிக்கிழமையில் அவர் வஃபாத்தானார். வல்ல அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிபெறச் செய்வானாக! அந்நாளில் இரங்கல் கூட்டங்களுக்குக் குறைவில்லை. நூல்கள்தாம் வீடு வந்து சேரவில்லை.

அவர் 1937 நவம்பர் 9 அன்று மதுரையில் பிறந்தவர். தந்தையாரும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். வீட்டில் கேட்டது உருது; கல்லூரியில் கற்றது தமிழ். மதுரைத் தியாகராசர் கல்லூரி அவருக்குச் சங்கத் தமிழை ஊட்டியது. 1961 முதல் முப்பதாண்டுக் காலம் வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்தார். உருது வீட்டுப் பிள்ளை தமிழைத் தன் வாழ்வாக்கிக் கொண்ட இச்செய்தி, கோவையில் வாழும் நமக்கு மிகவும் வேண்டியது. உருது பேசும் குடும்பம், தமிழ் பேசும் குடும்பம் என்று சம்பந்தம் பேசும்போதுகூட நாம் கோடு கிழித்துப் பார்ப்பதுண்டு. இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்கியவர் அவர்.

இனிக் கொங்கு நாட்டுக்கு வருவோம். 1971 இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ என்னும் கவிதை இதழ் புறப்பட்டது. விலை வைக்கப்படாத இதழ் அது. விலையிலாக் கவிமடல் என்றே தன்னைச் சொல்லிக் கொண்டது. கோவையின் புவியரசு, ஞானி, பொள்ளாச்சியின் சிற்பி பாலசுப்பிரமணியம், பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தா முதலியோர் அவ்வியக்கத்தில் சிறகு விரித்தவர்கள். சென்னிமலையில் பிறந்த ஈரோடு தமிழன்பன், சிவகங்கை மீரா ஆகியோரையும் அப்துல் ரகுமானையும் அவர்களோடு ஓரணியில் வைத்தே இலக்கிய வரலாறு பேசுகின்றது. அவர்களுள் இடதுசாரிச் சிந்தனையாளர் பலர். இறை நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களும் இருந்தார்கள். அத்தகையோர் நடுவே, தன் ஈமானை மறைக்காமலும் அதை எவர்மீதும் சுமத்தாமலும் ஒருவர் தோழராய் விளங்கினார் என்பது எளிய செய்தியா?

மீராவோடு அவர் கொண்ட நட்பு இன்னும் பழையது. மதுரைக் கல்லூரி நாள்களில் தொடங்கியது. மீரா என்பது மீ. இராசேந்திரன் என்னும் பெயரின் சுருக்கம். நம்மவர் சிலர் அப்பெயரைக் கேட்டு அவரை ‘மீரான்’ என்று எண்ணிக் கொள்வதுண்டு! 2002 இல் மீரா மறையும்வரை அந்நட்பு நீடித்தது.

“ஹஜ்ரத், கவிஞர்களைக் குர்ஆன் கண்டிக்கின்றதே?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. ‘அஷ்ஷுஅரா’, அதாவது ‘கவிஞர்கள்’ என்றே ஓர் அத்தியாயம் இருக்கின்றது. அதன் இறுதியில், வழிதவறியோர் பின்தொடரும் கவிஞர்களைப் பற்றிய கண்டனமும் உண்டு. ஆனால் அடுத்த வசனத்திலேயே, நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. அவ்விலக்கைப் படிக்காமல் நிறுத்திவிடுவோர்தாம் கவிதையே ஆகாது என்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலில் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு மிம்பர் இட்டுத் தந்தார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அப்துல் ரகுமானின் ஆன்மிகம் மேடைப் பிரசங்கம் போன்றதன்று. ‘பால்வீதி’ 1974 இல் வெளிவந்தபோது, அதன் குறியீடுகளும் கனவு போன்ற படிமங்களும் பலரைத் திகைக்க வைத்தன. குறியீட்டையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டம் பெற்றவர் அவர். எனினும் அவருடைய உள்ளத்தை அறிய விரும்புவோர் கஸலில் தொடங்குவதே நலம் என்பேன். கஸல் அரபியில் தோன்றி, பாரசீகத்தில் வளர்ந்து, உருதுவில் நம் வீட்டு வாசலுக்கு வந்த வடிவம். ஒவ்வோர் ஈரடியும், அதாவது ‘ஷேர்’, தன்னளவில் முழுமையானது. ஒரு ஷேரில் கண்ணீர், மறு ஷேரில் குறும்பு. இரண்டையும் பிணைப்பவை ‘காஃபியா’ என்னும் இயைபும் ‘ரதீஃப்’ என்னும் திரும்பி வரும் சொல்லுமே. அதில் வரும் காதலி யார்? மண்ணுலகப் பெண்ணா, மறைந்திருக்கும் இறைவனா? ‘இஷ்கே மஜாஸி’, ‘இஷ்கே ஹகீகி’ என்று பெரியோர் இரண்டாகப் பிரித்தனர்; கஸலோ இரண்டையும் பிரியவிடாமல் வைத்துப் பாடுகின்றது. குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனையே மனோன்மணி என்னும் காதலியாக்கிப் பாடிய மொழி தமிழ். ஆகவே ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்னும் நூலில் அப்துல் ரகுமான் கஸலைத் தமிழுக்குக் கொணர்ந்தபோது, நிலம் முன்பே உழுது கிடந்தது.

‘பித்தன்’ என்றொரு நூலும் உண்டு. உலகம் நேர் என்று எண்ணுவதையெல்லாம் ஒரு பித்தன் தலைகீழாக்கிக் காட்டுகின்றான். தர்காக்களின் வாசலில் மஜ்தூப்களைக் கண்டு ஒதுங்கிச் சென்றவர்களுக்கு அக்குரல் அறிமுகமானதே. நூலில் அக்குரலை நின்று கேட்கலாம்.

1997 நவம்பர் கலவரமும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் எங்கள் நகரை இரண்டாகப் பிளந்தன. நான் கலைக் கல்லூரியில் சேர்ந்தது அதற்கடுத்த மாதங்களில். பெயரைச் சொன்னவுடன் எதிரிலிருப்பவர் முகம் மாறுவதைக் கண்டு பழகிய காலம் அது. கோட்டைமேட்டிலிருந்து வருகின்றேன் என்று சொல்லவே நா எழாது. 1999 ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது ‘ஆலாபனை’ நூலுக்கு வழங்கப்பட்டபோது, எங்கள் தமிழ்ப் பேராசிரியர் அந்நூலோடு வகுப்புக்கு வந்தார். திருநீறு அணிந்த நெற்றி அவருடையது. அந்த ஒரு மணி நேரமும் அவர் அக்கவிதைகளைப் படித்தார். விளக்கம் சொல்லவில்லை, கலவரத்தைப் பற்றியும் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும், அதுவரை என்னோடு பேசாதிருந்த பக்கத்து இருக்கை மாணவன், “ஆலாபனை என்றால் ராகம் பாடுவதுதானே?” என்று கேட்டான். ஆம் என்றேன். அன்று அவ்வளவே பேசினோம். மறுநாள் மேலும் பேசினோம். எத்தனையோ அமைதிக் குழுக்களால் இயலாத ஒன்றை ஒரு கவிதை நூல் செய்தது என்று சொன்னால் மிகையென்பீர்கள். சொல்லாதிருக்க என்னால் ஆகவில்லை.

திரைப்படத்துக்குப் பாட்டெழுத அழைப்பு வந்தும் அவர் இணங்கவில்லை என்பதைப் பலரும் வியந்து பேசுவர். தோழர்களுள் சிலர் அத்துறைக்குச் சென்றனர், மேத்தாவும் எழுதினார். அதனால் அவர்கள் தாழ்ந்துவிடவில்லை. நபிகளாரின் வரலாற்றை ‘நாயகம் ஒரு காவியம்’ என்று பாடித் தந்தவரும் அதே மேத்தாதான். 2009 முதல் 2011 வரை அப்துல் ரகுமான் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராக இருந்ததையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்கின்றேன். பதவிகள் அவரை நினைவுகூரத் தேவையில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளை ஒன்று பாடநூலின் ஓரத்தில் ஏதேனும் கிறுக்கி வைத்திருந்தால், கிழித்துவிடாதீர்கள். கல்லூரி செல்லும் மகனுக்கும் மகளுக்கும் ‘பித்தன்’ பொருந்தும். உருது அறிந்த பாட்டியம்மா வீட்டில் இருப்பின், ‘மின்மினிகளால் ஒரு கடித’த்தைப் பேரப்பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பாட்டி “வாஹ்!” என்கின்றார் என்று கவனியுங்கள். ‘பால்வீதி’ சற்றுக் கடினம், அவசரப்பட வேண்டாம். அதனருகிலேயே சிற்பியின் ‘ஒரு கிராமத்து நதி’யையும் வாங்கி வையுங்கள். 2002 ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது பெற்ற அந்நூலில் ஓடுவது நம் பொள்ளாச்சிப் பக்கத்து ஆறு.