பற்று வேண்டுமா? முதலில் பாதுகாப்பைக் கொடு!

திருவந்திபுரத்திலிருந்து கடலூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகும் தோழர்களே! நெய்வேலிக்கு கான்ட்ராக்டில் ஏறும் தோழர்களே!

ஆட்களுக்கு வேலையில் பற்று இல்லை என்று நிர்வாகங்கள் புலம்புகின்றன. ஆறே மாதத்தில் நின்றுவிடுகிறார்களாம், சொல்லாமல் லீவு போடுகிறார்களாம். அந்தப் பற்று எங்கே போனதென்று நாம் சொல்வோம்.

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் வெந்து செத்தார்கள். அடுத்த 55ஆவது நாள், ஜூலை 1 காலையில், அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். சம்பவ இடத்திலேயே 6 பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராகப் போனார்கள். 2021 மே 13, சிப்காட் பூச்சிமருந்து ஆலை: 4 உயிர். 2025 மே மாதம் சிப்காட் பக்கத்துக் குடிகாட்டில் சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, ரசாயனத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது.

முகூர்த்த நாளில் நம் திருவந்திபுரம் மலையடியில் தாலி கட்டிய பையன்கள்தான் நைட் ஷிப்டில் ரியாக்டர் முன்னால் நிற்கிறார்கள். மாஸ்க் கேட்டால் காலாவதியான கார்ட்ரிட்ஜ். டேங்குக்குள் கேஸ் பார்க்காமலே பர்மிட்டில் கையெழுத்து. வால்வு கசிகிறது என்று சொன்ன கான்ட்ராக்ட் ஆளுக்கு மறுநாள் கேட் பாஸ் கிடையாது. மார்ச் 4, தேசிய பாதுகாப்பு தினம் வந்தால் மட்டும் பேட்ஜ் குத்தி, உறுதிமொழி வாசித்து, போட்டோ எடுப்பார்கள். அந்த உறுதிமொழியையும் நம் வாயால்தான் சொல்ல வைப்பார்கள், முதலாளி வாயால் அல்ல!

வேறு மாதிரியும் பார்த்திருக்கிறோம். கசிவு என்றதும் லைனை நிறுத்திவிட்டு, 'நல்லவேளை சொன்னாய்' என்கிற சூப்பர்வைசர்கள் உண்டு. அவர்களிடம் வேலை செய்கிறவன் சும்மா லீவு போடுவதில்லை. ஷட்டவுன் நேரத்தில் கூப்பிடாமலே வந்து நிற்கிறான். தன் உயிரை ஒருவர் கணக்கில் வைத்திருக்கிறார் என்று தெரிந்தவன் அந்த மெஷினைத் தன்னுடையதாகப் பார்க்கிறான். இதைப் போனஸ் கொடுத்து வாங்க முடியாது.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், அபாயகரமான ஆலைகளில் தொழிலாளிக்குச் சரிபாதி இடம் கொண்ட சேஃப்டி கமிட்டியைச் சட்டம் கட்டாயமாக்கியது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை அரசின் உத்தரவுக்கு விட்டுவிட்டது. சும்மா விடுவோமா? உயிராபத்து தெரிந்தால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லும் உரிமை அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது. அதை இன்றிலிருந்தே பயன்படுத்துவோம். புகாரை வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். தேதி போடுங்கள். பத்துப் பேராகக் கையெழுத்திடுங்கள். தனி ஆளை கேட்டில் நிறுத்துவது போல பத்துப் பேரை நிறுத்த முடியாது.

கமிட்டியில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இடம் கேட்போம். நிரந்தரத் தோழர்களே, இதில் முதல் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டும். நெய்வேலியில் வெந்தவர்களில் பலர் கான்ட்ராக்ட் ஆட்கள்.

இந்த வாரமே உங்கள் பிளான்ட்டில் கசியும் வால்வு, அடைத்துக் கிடக்கும் வெளிவாசல், வேலை செய்யாத அலாரம் எல்லாவற்றையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் தோழரையும் கூட அழைத்து வாருங்கள்!