மீனைச் சோதித்துவிட்டு உரிமத்தைப் பற்றிப் பேசுங்கள்: கோதையாற்றங்கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், மீன்வளத் துறைக்கும் திற்பரப்பிலிருந்து எழுதுகிறோம்.

பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும் கோதையாறு எங்கள் ஊரில் அருவியாக விழுகிறது. மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது. மலைப்பக்கம் கல்குவாரிகள், ரப்பர் தோட்டங்களில் நோய்க்குத் தெளிக்கும் செம்புக் கலவை. முகத்துவாரப் பக்கம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட், இல்மனைட் மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு.

தண்ணீர் தெளிவாக இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கரைந்துவரும் உலோகம் பெரும்பாலும் வண்டலோடு ஒட்டி அடியில் படிகிறது. அதைப் புழுவும் நத்தையும் தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. செவுள் வழியாகவும் உலோகம் உடலுக்குள் நுழைகிறது. செம்பு ஈரலில் தங்கும், காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும், ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து முள்ளில் ஏறும். சதையில் சேர்வது இவற்றைவிடப் பொதுவாகக் குறைவு.

ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் சதையை மட்டுமே வெட்டி அளக்கின்றன. நாங்கள் அப்படியா தின்கிறோம்? பொடிமீனைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசிக் கழுவி, தலையும் முள்ளுமாகத் தேங்காய் அரைத்த குழம்பில் போட்டு, மரச்சீனிக் கிழங்கோடு பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: பொடிமீனை முழுசாக அரைத்துச் சோதியுங்கள். பெரிய மீனில் சதை, ஈரல், முள் மூன்றையும் தனித்தனியே அளவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீனுக்கு வைத்திருக்கும் ஈய வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், எங்கள் சட்டியில் விழும் மீன் அதற்குள் நிற்கிறதா என்று தெரிய வேண்டும்.

அருவிக்கு மேலே படகு ஓடும் தடுப்பணைத் தேக்கத்தில்தான் வண்டல் தங்குகிறது. அங்கும், மூவாற்றுமுகத்திலும், தேங்காப்பட்டணத்திலும் மழைக்கு முன்னும் பின்னும் சேறெடுத்துப் பாருங்கள். விலாங்கைக் கட்டாயம் சேருங்கள். அது கடலில் பிறந்து, முகத்துவாரம் வழியாக ஏறி, ஆற்றுச் சேற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். ஆகவே முகத்துவாரத்தில் தோண்டுவது மலையோரத்து மக்களைத் தொடாது என்று எங்களிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பிரேசிலில் 2015 நவம்பர் 5 அன்று இரும்புச் சுரங்கக் கழிவணை உடைந்தது. 600 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் ஓடிக் கடலுக்கு வந்தது அந்தச் சேறு. மறு ஆண்டு அந்த ஆற்றின் முகத்துவாரக் கடலில் மீன்பிடிக்க நீதிமன்றம் தடை போட்டது. அங்கே அணை உடைந்த பிறகு அளந்தார்கள். இங்கே தோண்டும் முன்பே அளக்கச் சொல்கிறோம்.

கிள்ளியூர் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு மோனசைட் போன்ற அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு அளித்தது. அந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். மீன், வண்டல் அறிக்கை வெளிவரும்வரை புதிய மணல் சுரங்கத்துக்கோ, ஆற்றோரக் குவாரிக்கோ உரிமம் தரக் கூடாது.

ஆய்வைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிடம் ஒப்படையுங்கள். சுரங்க நிறுவனம் அமர்த்தும் ஆலோசகர் வேண்டாம். செலவுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது ஆற்றில் வலைவீசுகிறவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கயத்தில் எந்த மீன் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முடிவைத் தமிழில், மீன் பெயரும் இடத்தின் பெயரும் போட்டு, திற்பரப்புப் பேரூராட்சி அலுவலகத்திலும் குலசேகரம் சந்தையிலும் ஒட்டுங்கள்.