உசாத்துணைப் படங்களும் ஓவியர் கண்ணும்

ஓவியன் ஒருவன் பிறர் ஆக்கிய படங்களை முன்னே வைத்துக்கொண்டு வரைதல் கலைக்கு இழுக்காகுமா என்னும் வினா இன்று மீண்டும் எழுந்துள்ளது. வினா பழையது, அதனை எழுப்பிய சூழ்நிலையே புதியது. முன்னாளில் ஓவியர்கள் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்தெடுத்த படங்களைச் சுவரிலே குத்திவைத்தனர். இன்று கணினியில் வரைவோர் அச்சுவரைத் திரைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டனர்.

இத்தேவைக்கென அமைந்த மென்பொருள்களுட் பெரிதும் வழங்குவது, சுவீடன் நாட்டிலே உருவான 'பியூர்றெஃப்' என்பது. எல்லையற்றதொரு வெறும் பலகை திரையிலே தோன்றும். வேண்டிய படங்களை அதன்மேல் இழுத்துப் போட்டு, விரும்பியவாறு அடுக்கலாம், பெருப்பிக்கலாம், இடம் வலமாகப் புரட்டலாம், நிறத்தை நீக்கி ஒளியும் நிழலும் நிற்கும் அளவை ஆராயலாம். வரையும் ஓவியத்துக்கு மேலே எப்பொழுதும் மறையாது நிற்குமாறும் செய்யலாம். 'பீறெஃப்' எனும் திறந்தமூல மென்பொருளும் இப்பணியையே செய்கின்றது. இலவசமாகக் கிடைக்கும் 'கிறித்தா' எனும் ஓவிய மென்பொருளில் 2018 ஆம் ஆண்டு உசாத்துணைப் படங்களுக்கெனத் தனிக்கருவியொன்று சேர்க்கப்பட்டது.

இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. நாம் நன்கறிந்ததாக எண்ணும் பொருளையே நாம் சரிவரக் கண்டிருப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 இல் எப்சம் குதிரைப் பந்தயத்தைத் தீட்டினார். பாய்ந்தோடும் குதிரைகள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி வானிலே மிதக்கின்றன. அழகிய ஓவியந்தான், ஆயினும் எக்குதிரையும் அவ்வாறு ஓடுவதில்லை. 1878 இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பார் வரிசையாக நிறுத்திய கமராக்களாற் குதிரையின் ஓட்டத்தைப் பிடித்தபோதே உண்மை புலனாயிற்று. நான்கு கால்களும் நிலத்தைவிட்டு நீங்கும் கணத்தில் அவை வயிற்றின் கீழே ஒடுங்கியிருக்கின்றன. கண் பிழைத்த இடத்திற் புகைப்படம் திருத்திற்று.

எனினும், பார்த்து வரைந்த படமே பிழையைப் பரப்பியதும் உண்டு. 1515 ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து காண்டாமிருகமொன்று லிஸ்பன் துறைமுகத்தை அடைந்தது. அதனை ஒருபோதும் காணாத ஜெர்மானிய ஓவியர் டியூரர், ஒரு கடிதத்தையும் பிறரொருவர் வரைந்த கோட்டுப் படத்தையும் துணைக்கொண்டு மரச்செதுக்கோவியம் ஒன்றை வெளியிட்டார். கவசம் பூண்டாற் போன்ற உடலும், தோளிடத்தே இல்லாததொரு சிறு கொம்பும் அதில் அமைந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் ஐரோப்பியர் பலர் காண்டாமிருகத்தை அறிந்தது அப்படத்தின் வழியாகவே. ஒருவர் தவறைப் பலர் பார்த்தெழுதியமையால் தவறே உருவாகி நிலைத்தது.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓருண்மை பெறப்படும். உசாத்துணைப் படம் ஒரு சாட்சி. யார் கண்டது, எங்கே கண்டது, எப்பொழுது கண்டது என்பவற்றைக் கொண்டே எந்தச் சாட்சியத்தையும் நாம் மதிப்பிடுகின்றோம். இன்றைய பலகையின் குறை இங்கேதான் உள்ளது. இணையத்திலிருந்து படம் வந்து சேர்கின்றது. அதன் கீழிருந்த பெயர் பின்தங்கிவிடுகின்றது. புகைப்படக்காரரின் உழைப்பு, இன்னோர் ஓவியரின் கற்பனை, நூதனசாலைப் பொருளின் பதிவு யாவும் ஒரே தரத்தனவாய், ஊரும் பேருமின்றி அருகருகே கிடக்கின்றன.

பெயர் தொலைந்தால் என்ன நேரும் என்பதற்கு லக்சம்பேர்க் வழக்கு தக்க சான்று. சிங்கப்பூரில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் எடுத்த படமொன்றை இளம் ஓவியர் ஒருவர் பெரிதும் ஒத்து வரைந்து, 2022 இல் 1,500 யூரோ பரிசும் பெற்றார். கலைஞர் வழக்குத் தொடுத்தார். புகைப்படத்திற் பதிப்புரிமைக்குப் போதிய தனித்தன்மை இல்லையெனக் கூறி முதல் நீதிமன்று அதனைத் தள்ளிவிட்டது. 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்று அத்தீர்ப்பை மாற்றிக் கலைஞரின் உரிமையை ஏற்றது. ஒளியையும் நிலையையும் தேர்ந்து அமைத்த கண்ணும் ஆக்கக் கண்ணே என்பதை ஓவியவுலகம் இதனால் நினைவிற் கொள்ளவேண்டும்.

இச்சிக்கலை மற்றொன்று மிகுவித்துள்ளது. 2022 முதலாகச் சொற்களைக் கொடுத்தால் படத்தைத் தரும் பொறிகள் பரவியுள்ளன. உசாத்துணை தேடுவோர் நாடும் இடங்களில் அப்பொறிகளின் படங்களும் கலந்துவிட்டன. படத்தொகுப்புத் தளமாகிய பின்ரெஸ்ட், 2025 இல் அத்தகைய படங்களுக்கு அடையாளமிடத் தொடங்கியமை இதன் அளவை உணர்த்தும். டியூரருக்கேனும் விலங்கைக் கண்ட ஒருவரின் கடிதம் கிடைத்தது. பொறியின் படத்துக்குப் பின்னாலோ, அந்தக் குதிரையைக் கண்டவர் எவருமிலர். கடிவாள வார் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று அதனைப் பார்த்துக் கற்கும் மாணவன், இல்லாத கடிவாளத்தைக் கற்கின்றான்.

ஓவியரும் பிறர் படங்களைப் பார்த்தே பயில்கின்றனர். பொறி பயில்வதில் என்ன குற்றம் எனக் கேட்போர் உளர். கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயின் அளவும் பொறுப்பும் இங்கு வேறுபடுகின்றன. பொறிகளைப் பயிற்றுதற்கென 2022 இல் வெளியான 'லயன் 5பி' தொகுதி ஏறக்குறைய 585 கோடிப் படங்களைச் சுட்டுவது. அவற்றுள் எது எக்கோட்டுக்குக் காரணமென எவராலும் கூறவியலாது. ஓவியனின் பலகையிலோ இருபது முப்பது படங்களே உள. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவனால் விடை கூற இயலும், கூறக் கடமைப்பட்டவனுமாவான்.

அக்கடமையை நிறைவேற்றுதல் அரிதன்று. மேற்கூறிய பலகைகளில் எழுத்துக் குறிப்பு இடும் வசதியும் உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் ஆக்கியவர் பெயரையும் கிடைத்த இடத்தையும் எழுதிவைத்தல் முதற்பணி. ஒரே படத்தைச் சாராது, ஒரு பொருளைப் பல கோணங்களிற் காட்டும் பல படங்களை ஒப்புநோக்குதல் அடுத்தது. யாவற்றுக்கும் மேலாக, தன் கண்ணாற் கண்டு தன் கையால் வரைந்த சிறு கோட்டுப் படமொன்றேனும் அப்பலகையில் இடம்பெறல் வேண்டும். முற்றத்து மரத்தை வரைய இணையம் எதற்கு?

சித்திரம் பயிற்றும் ஆசிரியர்கள் முடிந்த ஓவியத்தோடு பலகையையும் காட்டுமாறு மாணவரைக் கேட்பார்களாயின் நலம் பயக்கும். எதனைப் பார்த்தான் என்பதோடு, பார்த்ததினின்றும் எங்கே விலகினான், ஏன் விலகினான் என்பதும் அப்போது புலப்படும். மாணவனுடைய சொந்தக் கண் அவ்விலகலிலேதான் தென்படும். ஆசிரியர் மதிப்பெண் இடவேண்டிய இடமும் அதுவே.