பிள்ளை பெறச் சொல்லும் முன்

மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் தமிழகத்தின் 39 மக்களவை இடங்களுக்கு ஆபத்து வரும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தில்தான் 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண விழாவில், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார் முதல்வர் மு.க.ஸ்டாலின். முதியோர் பெருகுவதைக் காட்டி, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் 2024-இல் இதையே கேட்டார். ஆனால் மேடையில் கேட்பதால் பிறப்பு விகிதம் ஏறிவிடுமா?

அது குறைந்த கதையைப் பார்ப்போம். நாலு பெற்றால் இரண்டாவது தங்கும் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஊருக்கருகே ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, தடுப்பூசி வந்தது, பிள்ளைகள் தங்கினார்கள். 1982-இல் விரிவான சத்துணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. பெண் படித்தாள், கல்யாணம் தள்ளிப்போனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3.

'சேரியில்தான் வதவதவென்று பெறுகிறார்கள்' என்ற ஏளனத்துக்கும் அதே ஆய்வில் பதில் இருக்கிறது. இந்திய அளவில் பட்டியல் சாதியினருக்கு 2.1, முன்னேறிய சாதிகள் அடங்கிய 'மற்றவர்' பிரிவுக்கு 1.9. சாதிகளுக்கிடையே வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கே போகாத பெண்களுக்கு 2.8, பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. வித்தியாசம் சாதியின் ரத்தத்தில் இல்லை, பள்ளிக்கூட வாசலில் இருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாட்டின் சுமையைச் சுமந்ததும் பெண்கள்தான். நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் சுமார் 38 விழுக்காடு. ஆண்கள் அரை விழுக்காடுகூட இல்லை. அன்று போதும் என்று சொன்ன அரசு, இன்று அதே பெண்களின் மகள்களிடம் இன்னும் வேண்டும் என்கிறது.

அரசு ஊழியராக உள்ள தாய்க்கு ஓராண்டு சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நாற்று நடும் தாய்க்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் முதல் இரண்டு பிரசவங்களோடு நின்றுவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கூலிப் பெண்ணுக்கும் கூலியோடு பேறுகால விடுப்பு கொடுங்கள். வேலை முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடியைக் காலனிக்குள் திறங்கள். படித்த பிள்ளைக்கு வேலை கொடுங்கள். தொகுதிகளைக் காக்க நாடாளுமன்றத்தில் போராடுங்கள்; அந்தப் போராட்டத்தை எங்கள் பெண்களின் வயிற்றில் நடத்தாதீர்கள். எத்தனை பிள்ளை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.